சட்டை தொளதொளக்கும் மாதங்கள்

எடை இறங்கத் தொடங்கியவரை ஊர் முதலில் உடுப்பை வைத்துத்தான் கவனிக்கிறது. ஜாசினிலோ ஆலோர் காஜாவிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் பழைய சட்டையோடு போய்ப் பாருங்கள். "உடம்புக்கு என்ன? இனிப்பு நீரா?" என்று நாலு பேராவது விசாரிப்பார்கள். தோள் வழுகிய சட்டைக்குள் இருந்தால் நன்றாக இருப்பவரும் நோயாளியாகத்தான் தெரிவார். இந்த விசாரிப்புக்குக் கூசியே நடைப்பயிற்சியை விட்டவர்கள் உண்டு.

சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். எடையைக் குறைக்கச் சொல்லும் கிளினிக்கில், அதன் பிறகு உடுத்துவதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னக் கேள்வியல்ல.

கைலி சொல்லாத சேதி

1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். அதன் பிறகு புக்கிட் ஆசாஹான் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் ஆட்களுக்குத் தளர்வான உடைதான் வசதி. வேலை மாறிவிட்டது, உடை வீட்டுக்குள் தங்கிவிட்டது: ஆண்களுக்குக் கைலி, பெண்களுக்கு நைட்டி, பிள்ளைகளுக்கு எலாஸ்டிக் சிலுவார். இவற்றுக்குள் இடுப்பு ஐந்து அங்குலம் ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது.

அதனால் தைத்த சிலுவார் ஒன்றை, அல்லது ரவிக்கை ஒன்றை, அளவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மாதம் ஒரு முறை அதைப் போட்டுப் பார்த்தால் போதும். கூடவே டேப்பும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் சுற்றளவு எடுக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. எடை வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறங்குவது நல்ல வேகம். இதே வேகத்தில் போனால் இன்று வாங்கும் சிலுவார் நாலைந்து மாதத்தில் நழுவும். ஆகவே இறங்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சமாக வாங்குங்கள். எடை ஓரிடத்தில் நின்று சில மாதம் ஆன பிறகு நல்ல துணி எடுக்கலாம்.

தையல்காரரிடம் என்ன கேட்பது

சேலைக்கு எடை ஒரு பொருட்டல்ல, கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும், அவ்வளவுதான். இடிப்பது ரவிக்கைதான். பக்கத் தையலையும் கையையும் பிடிப்பது எளிது. தோளும் கழுத்தும் இறங்கிவிட்டால் எவ்வளவு பிடித்தாலும் சரியாக உட்காராது, அந்தக் கூலியை வீணாக்க வேண்டாம். பதிலாக, இழுபடும் துணியில் கறுப்பு ஒன்று, பொன்னிறம் ஒன்று என இரண்டு ரெடிமேட் ரவிக்கைகள் வாங்கினால் பெட்டியில் இருக்கும் பாதிச் சேலைகளுக்கு ஓடும். மலாக்கா நகரில் ஜாலான் பெண்டஹாரா பக்கம் லிட்டில் இந்தியா துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஆண்களின் சிலுவாரைப் பின்தையலில் இரண்டு அங்குலம் வரை உள்ளே எடுக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பஞ்சாபி சூட்டில் மேலாடையின் பக்கங்களைப் பிடித்தால் போதும், கீழே நாடா இருக்கிறதே. எதைக் கொடுத்தாலும் "துணியை வெட்டாமல் பிடித்துத் தையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எடை சிறிது திரும்பி ஏறுவது பலருக்கும் நடப்பதுதான், வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

தீபாவளித் துணியையோ, செங் சன்னாசிமலை மாசி மகத்துக்கான உடுப்பையோ மாதக்கணக்கில் முன்னால் அளவு கொடுத்துத் தைக்க வேண்டாம். இந்த ஓர் ஆண்டு மட்டும் விழாவுக்கு முந்திய வாரத்தில் ரெடிமேட் எடுங்கள்.

பண்டல் கடை

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளில் நல்ல பருத்திச் சட்டைகள் கிடைக்கும். ஜப்பான் அளவு சிறிது, அங்கே எல் என்று போட்டிருப்பது நமக்கு எம் போல இருக்கும். சீட்டை நம்பாமல் டேப்பை எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் சூடு தாங்கும் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். தாங்காததை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மூன்று நாளுக்குக் குறையாமல் போட்டு வைத்துவிட்டுத் துவைக்கலாம். சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி பெரும்பாலும் மனித உடம்பை விட்டு அதற்கு மேல் உயிரோடு இருக்காது. உள்ளாடையை மட்டும் அங்கே தொடாதீர்கள்.

நம் பெரியம்மா, சின்னம்மா வீடுகளுக்குள்ளேயே ஒரு பண்டல் கடை ஓடுகிறது. இரண்டு அளவு பெரிதாகிவிட்டதைக் கொடுத்துவிடுங்கள், ஓர் அளவு பெரியதை மட்டும் வைத்திருங்கள்.

காசு பார்க்கக் கூடாத இடம்

உள்ளாடையில் சிக்கனம் வேண்டாம். எடை நிறையக் குறைந்தால் வயிற்றடியிலும் மார்படியிலும் தொடையிடுக்கிலும் தோல் தொங்கும். மலாக்காப் புழுக்கத்தில் அங்கே வியர்வை தேங்கி உராய்ந்தால் சிவந்து புண்ணாகும், பூஞ்சையும் பிடிக்கும். அளவான பருத்தி உள்ளாடையும், குளித்ததும் அந்த மடிப்புகளை ஒற்றித் துடைப்பதும் பெரும்பகுதியைத் தடுக்கும். வாடை அடித்தாலோ நீர் கசிந்தாலோ அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

ஆயர் கெரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் பக்கம் நிற்பவர்கள் சீருடையை மாற்றிக் கேட்கத் தயங்கக் கூடாது. தொங்கும் கைதான் இயந்திரத்தில் முதலில் மாட்டும். செம்பனைக் குலை வெட்டுபவரின் தளர்ந்த பூட்ஸும் அதே வகை ஆபத்து.

வீட்டில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி இருந்தால் அதன் கைப்பட்டையும் மாற வேண்டும். மெலிந்த கைக்குப் பழைய பெரிய பட்டையைச் சுற்றினால் கொதிப்பு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பலர் இதில் ஏமாந்து மகிழ்கிறார்கள்.

முயற்சி இல்லாமல் தளர்ந்தால்

சாப்பாட்டையும் மாற்றவில்லை, நடக்கவும் இல்லை, ஆனாலும் துணி தளர்கிறது என்றால் தையல்காரரிடம் போவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை கிலோ, தானாக இறங்கினால் காரணம் தேட வேண்டும். கட்டுப்பாடு மீறிய இனிப்பு நீர், தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

வேண்டுமென்றே குறைப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் எடை குறையக் குறையப் பழைய அளவு மருந்து அதிகமாகிவிடும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். எழுந்ததும் கிறுகிறுத்தால் கொதிப்பு மாத்திரையையும் சந்தேகிக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடுப்பளவையும் எடையையும் தேதியோடு எழுதி, அடுத்த தவணைவரை காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டி அளவை மாற்றச் சொல்லுங்கள்.