காலை நடைக்கு நாலு பேர்... வராதவர் வீட்டுக்கு ஒரு எட்டு!

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்தில், 'வாக்கிங் போகிறேன்' என்று எந்த வாழை விவசாயியும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. ஆனால், அவர் நடக்காத நாளும் இருந்ததில்லை. விடியும்போதே வாய்க்கால் கரையில் நடந்து, மடையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். ஏத்தன் வாழைக்குக் கொடுத்த முட்டு சாய்ந்திருக்கிறதா என்று கவனிப்பார். எதிரில் வருபவரிடம் குலை விலை கேட்பார். டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் பத்துப் பேரிடமாவது பேசியிருப்பார்.

எழுபது வயதில் முழங்கால் வலிக்கிறது. நிலம் குத்தகைக்குப் போகிறது. மகன் சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அதன் பிறகு விடியற்காலையில் எழுந்து போக ஒரு காரணம் இல்லை. வேலையோடு நடை போகிறது. நடையோடு அந்தப் பத்துப் பேரும் போய்விடுகிறார்கள்.

ஆச்சிகளுக்கும் இதே நிலைதான். களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவரை, கூலியோடு பேச்சுத்துணையும் கிடைக்கும். அது நின்றால் வீட்டில் டி.வி. மட்டும்தான் துணை.

தனிமை உடம்பையும் தின்னும்

'வயசானால் அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல இது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு சுமார் 8,71,000 இறப்புகளுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிமை வழிவிடுகிறது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமையைக் கவனிக்கவே அமைச்சர்களுக்குப் பொறுப்புக் கொடுத்தன.

இதற்குச் செலவில்லாத மருந்துகளில் ஒன்று, சேர்ந்து நடப்பது. பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நடைக் குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். குழுவாக நடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது, மனச்சோர்வும் குறைந்திருந்தது. பாதியில் விட்டவர்கள் குறைவு. தனியாக நடப்பவர் மழை, பனி என்று சாக்குச் சொல்லி நின்றுவிடலாம். நாலு பேர் காத்திருக்கும்போது அப்படி நிற்க மனம் வராது.

எட்டு கிலோமீட்டர் தேவையில்லை

தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதையைத் தேர்வு செய்து, மாதத்தின் முதல் ஞாயிறு அன்று மக்களைச் சேர்ந்து நடக்க அழைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால், அதற்காக ஒரு கிராமத்துப் பெரியவர் விடியற்காலையில் பஸ் ஏறி நகரத்துக்குப் போக முடியாது. அவருக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் சமமான ஒரு கிலோமீட்டர். கோயில் தெரு, பள்ளி மைதானம், அகலமான வாய்க்கால் கரை எதுவானாலும் போதும்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டமாக நடப்பதை ஏரல் வட்டாரத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். தனியாக நடந்தால் அலுத்துப்போகும் தூரம், கூட்டத்தோடு போகும்போது பெரிதாகத் தெரிவதில்லை. அதே பலத்தைத் தினமும் அரை மணி நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் நடைக் குழு.

வராதவர் எங்கே?

குழுவின் முக்கியமான வேலை, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவதல்ல. இன்று யார் வரவில்லை என்று கவனிப்பதுதான். தனியாக இருக்கும் ஒருவர் இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தால், மறுநாள் மாலை வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆறு மணி நடைக்கு வருகிறவர் என்றால், 'அண்ணாச்சியை இன்னைக்குக் காணோமே' என்று ஏழு மணிக்குள் ஒருவர் கதவைத் தட்டுவார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்காது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது, பாலமும் சேதமானது. அப்படிப்பட்ட இரவில், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு நடக்க முடியாது என்பது முன்பே தெரிந்திருந்தால் உயிரைக் காப்பாற்றலாம். தினமும் சேர்ந்து நடக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

தொடங்குவது எப்படி?

நாலைந்து பேர் போதும். சங்கம், பதிவு, சந்தா எதுவும் வேண்டாம். நேரமும் கூடும் இடமும் மாறாமல் இருக்கட்டும். ஒவ்வொருவர் வீட்டு போன் நம்பரும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் நம்பரும் ஒரு நோட்டில் இருக்கட்டும். யார் வரவில்லை என்று பார்க்க வாரம் ஒருவர் பொறுப்பு.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் நடந்தால் போதும். பிறகு அரை மணி நேரமாக்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடக் கணக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். எல்லாரிலும் மெதுவாக நடப்பவரே முன்னால் போகட்டும்.

ஒற்றை வரப்பு, பாசி பிடித்த படித்துறை, லாரி ஓடும் சாலை மூன்றும் வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள செருப்பு நல்லது. இருட்டில் டார்ச் அவசியம். கரையோரம் பாம்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோயில் மண்டபத்திலோ பள்ளி வராந்தாவிலோ நடக்கலாம்.

கேள்வி - பதில்

சர்க்கரை நோய் உள்ளவர் நடக்கலாமா?

நடக்கலாம். மருந்தோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெஞ்சு வலித்தால்?

உடனே நின்று உட்காருங்கள். கூட வருபவர் 108-க்கு போன் செய்யட்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நடக்கவே முடியாதவர்களுக்கு?

நடை முடியும் இடம் அவர்கள் வீட்டுத் திண்ணையாக இருக்கட்டும். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலையலாம்.

ஒருவர் எப்போதும் சோர்ந்தே இருக்கிறார், 'இருந்து என்ன பயன்' என்கிறார். என்ன செய்வது?

அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். குறுக்கிடாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் நிலத்தைப் பற்றிய அறிவு போய்விடுவதில்லை. எந்த மடையில் தண்ணீர் எப்போது ஏறும், எந்தக் காற்றில் வாழை சாயும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைக் கேட்க நாலு பேர் இருந்தால், விடியற்காலையில் எழுந்து வர அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். நாளைக் காலை பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.