விரிசலுக்கு க்யூவில் நிற்கத் தெரியாது!

எங்கள் நாட்டரசன்கோட்டைக்காரர்களுக்கு சிங்கப்பூர் பயணம் புதிசு இல்லை. அந்தக் காலத்துச் செட்டியார்கள் கண்ணாத்தாளைக் கும்பிட்டுவிட்டு, கொண்டுவிற்கக் கப்பலேறினார்கள். இப்போது விமானம். பெட்டியில் சீப்புச் சீடை மட்டும் மாறவில்லை!

மகனைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பிய எங்கள் தெரு ஆச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: ''ஏம்ப்பா, இம்புட்டு எண்ணெயை ரொப்பிக்கிட்டு, பக்கத்துலயே நெருப்பையும் வச்சுக்கிட்டுப் பறக்குறானே... பத்திக்காதா?''

நியாயமான கேள்வி. ஜெட் இன்ஜினில் நெருப்பு இருக்க வேண்டிய இடம், நடுவிலுள்ள எரிப்பு அறை ஒன்றுதான். அதற்கு வெளியே எரிபொருள் கசிந்து, கொதிக்கிற பாகத்தில் பட்டால் போச்சு!

அதனால் இன்ஜின் செய்கிறவர்கள் மூன்று வேலி போடுகிறார்கள். ஒன்று, கசியக் கூடாது. குழாயைக் கழற்றி மாட்டினால் சீல் புதுசு. முறுக்குவதற்கும் அளவு உண்டு. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போடுவார்கள். இரண்டு, கசிந்தாலும் சூட்டில் படக் கூடாது. ஆபத்தான இடங்களில் குழாய்க்கு மேல் இன்னொரு உறை. சொட்டுவதை வெளியேற்ற வடிகால். மூன்று, பற்றினாலும் பரவக் கூடாது. தீ தாங்கும் உலோகத் தடுப்பு, சூட்டை உணரும் கம்பி எல்லாம் உண்டு. விமானி தீ கைப்பிடியை இழுத்தால் முதலில் எரிபொருள் நிற்கும். தீயணைப்பு வாயு அதற்கப்புறம்தான். அடுப்பை அணைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பிரயோஜனம்?

இத்தனை வேலி இருந்தும், 2016 ஜூன் 27-ம் தேதி ஒரு சம்பவம். சிங்கப்பூரிலிருந்து மிலான் கிளம்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777-ல் 241 பேர். ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்தில், வலது இன்ஜினின் ஆயில் குறைவதாகக் காட்டியது. அப்புறம் அதிர்வு. விமானிகள் அந்த இன்ஜினை மெதுவாக்கி, திரும்பினார்கள். சாங்கியில் தரை தொட்ட பிறகு வலது பக்கம் குபீரென்று பற்றிக்கொண்டது! தீயணைப்பு வண்டிகள் சில நிமிஷத்தில் அணைத்துவிட்டன. ஒருவருக்கும் காயமில்லை.

காரணம்? சூடான ஆயிலைக் குளிர்ந்த எரிபொருளால் ஆற்றுகிற ஒரு கருவி. அதற்குள் இருந்த மெல்லிய குழாயில் விரிசல். எரிபொருள் ஆயிலுக்குள் புகுந்து, இன்ஜின் நெடுகப் பரவி வெளியே வந்திருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது வேறு. இந்தப் பாகத்தைச் சோதிக்கச் சொல்லி இன்ஜின் தயாரிப்பாளர் முன்பே அறிவுறுத்தியிருந்தார், அடுத்த முறை இன்ஜின் பணிமனைக்கு வரும்போது செய்தால் போதும் என்று. இந்த இன்ஜினின் முறை வருவதற்குள் விரிசல் முந்திக்கொண்டது. விரிசலுக்கு க்யூவில் நிற்கத் தெரியுமா, என்ன?

2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் ஏர்பஸ்ஸிலும் சின்ன விஷயம்தான். பொருந்தாத பாகத்தை மாட்டியதில் ரெண்டு குழாய்கள் உரசி, எரிபொருள் குழாய் விட்டுப்போனது. அட்லாண்டிக் மேலே டாங்க்கே காலி! ரெண்டு இன்ஜினும் நின்று, மிதந்தே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள்.

ஆகவே, ''சின்னக் கோளாறு, திரும்பிப் போகிறோம்'' என்று விமானி அறிவித்தால் முணுமுணுக்காதீர்கள். அவர் பார்த்த முள் உங்களுக்குத் தெரியாது. பையில் சீடை இருக்கிறதல்லவா... மென்றபடி சும்மா இருங்கள்!