வியர்வைக்கும் ஒத்திகை உண்டு!

கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மனிதர், காதில் ஹெட்போன். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. உதட்டைக் கடிக்கிறார், கண்களை இறுக மூடுகிறார், மூச்சை இழுத்து விடுகிறார்... கடைசி நொடியில் சரியான பதில்! அமெரிக்காவே கைதட்டுகிறது.

அந்த வியர்வை எப்படி வந்தது தெரியுமா? கூண்டுக்குள் ஏசியை நிறுத்திவிடுவார்கள்! வழியும் வியர்வையைத் துடைக்கக் கூடாது, கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும் என்று பாடம் வேறு நடந்திருக்கிறது.

1956 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ட்வென்ட்டி ஒன்' வினாடி வினாவின் கூண்டு அது. அதன் பூட்டைத் திறந்து காட்டிய படம், ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கி 1994-ல் வெளிவந்த 'க்விஸ் ஷோ'. எத்தனை முறை பார்த்தாலும், மேஜிக்காரரின் பெட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்த குழந்தையின் குறுகுறுப்பு எனக்குக் குறைவதே இல்லை. வாருங்கள், முதலில் நிகழ்ச்சியின் பின்பக்கம், அப்புறம் படத்தின் பின்பக்கம்!

முதல் நாளே சொதப்பல்

ஆட்டம் எளிது. இரண்டு கூண்டு, இரண்டு பேர். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 1 முதல் 11 வரை எத்தனை புள்ளிக்குக் கேள்வி வேண்டும் என்று அவரவரே கேட்டு வாங்கலாம். புள்ளி ஏற ஏறக் கேள்வியும் கடினமாகும். முதலில் 21-ஐத் தொடுபவருக்கு வெற்றி.

முதல் ஒளிபரப்பு நேர்மையாகத்தான் நடந்தது. வந்தவர்களோ கேள்விக்குக் கேள்வி திணறித் தள்ளினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை! பணம் போட்ட ஜெரிட்டால் டானிக் கம்பெனி கொதித்தது. இனி இப்படி ஒரு ராத்திரி வரவே கூடாது என்று தயாரிப்புத் தரப்பு முடிவு கட்டியது. கேள்வியும் பதிலும் முன்கூட்டியே போட்டியாளர் கைக்குப் போயின. எந்தப் பதிலுக்கு எவ்வளவு தயங்க வேண்டும் என்பது வரை ஒத்திகை!

ஏழைக்கு ஒரு வேடம், இளவரசனுக்கு ஒரு வேடம்

குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர் ஹெர்ப் ஸ்டெம்பெல் அபார ஞாபகசக்திக்காரர். அவருக்குத் தயாரிப்பாளர் டான் என்ரைட் போட்ட வேடத்தைக் கேளுங்கள்: ஒட்ட வெட்டிய கிராப்பு, அளவு பொருந்தாத பழைய கோட்டு. பாவப்பட்ட மனிதர் ஜெயிக்கிறார் என்று ஊர் உருக வேண்டுமே!

சில வாரங்களில் ஊருக்கு அந்த முகம் அலுத்தது. அடுத்து வந்தார் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர், புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் மார்க் வான் டோரனின் மகன், பார்த்ததும் பிடித்துப்போகும் முகம். ஸ்டெம்பெல் தோற்றாக வேண்டும். எந்தக் கேள்வியில் தெரியுமா? 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்றது எது? பதில் 'மார்ட்டி'. ஸ்டெம்பெலுக்கு உயிருக்கு உயிரான படம் அது! தெரிந்த பதிலை விழுங்கிவிட்டு, 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' என்றார். 1956 டிசம்பர் 5. படத்தில் ஸ்டெம்பெலாக வரும் ஜான் டர்ட்டுரோ அந்தப் பதிலைச் சொல்லும் முன் தவிக்கும் தவிப்பில் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

வான் டோரனோ 1,29,000 டாலர் வென்றார். டைம் இதழின் அட்டையில் வந்தார். என்பிசியிலேயே வேலையும் கிடைத்தது.

இனி, படத்தின் பின்பக்கம்!

வாய்ப்பு தேடி அலைந்த இளம் நடிகராக ரெட்ஃபோர்டும் ஒரு டிவி விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார். 75 டாலர் தருவதாகச் சொன்னவர்கள், கடைசியில் கையில் கொடுத்தது ஒரு மீன்பிடித் தூண்டில்! இந்தக் கதையை எடுக்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வான் டோரனாக வந்தவர் ரேஃப் ஃபைன்ஸ். பிற்பாடு ஹாரி பாட்டர் படங்களில் வோல்டெமார்ட்டாக நம்மை நடுங்கவைத்தாரே, அவரேதான். நிஜ வான் டோரன் இந்தப் படத்தோடு ஒட்டவே விரும்பவில்லை. ஆலோசகராக இருக்க 1,00,000 டாலர் தருகிறோம் என்றபோதும் மறுத்துவிட்டதாக, 2008-ல் நியூயார்க்கர் இதழில் அவரே எழுதினார். ஃபைன்ஸ் என்ன செய்தார்? வழி தவறியவர்போல அவர் வீட்டுப் பக்கம் காரை நிறுத்தி, வழி கேட்டு, அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! ஸ்டெம்பெல் நேர்மாறு: படத்துக்கு ஆலோசகராகவே வந்தார்.

இன்னொரு குதூகலம்: டானிக் கம்பெனிப் பெரிய மனிதராக வந்து நிதானமாக மிரட்டுபவர் நடிகரே அல்ல, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி! டிவி தொகுப்பாளர் டேவ் கேரவேயாக வருபவரும் ஓர் இயக்குநர், பேரி லெவின்சன். தந்தை மார்க் வான் டோரனாக வரும் பால் ஸ்கோஃபீல்டு, மகன் உண்மையைச் சொல்லும் இடத்தில் குரலை உயர்த்தாமலே நம்மை உடைத்துவிடுகிறார். அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. படத்துக்கு மொத்தம் நான்கு பரிந்துரைகள்.

படம் சில இடங்களில் சரித்திரத்தைச் சுருக்கியிருக்கிறது. இந்த மோசடியை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் இளம் வழக்கறிஞர் ரிச்சர்டு குட்வின் எழுதிய நூல்தான் மூலம் என்பதால், துப்பறியும் பெருமை அவருக்கே போகிறது. ஆனால் நியூயார்க் அரசு வழக்கறிஞர் ஜோசப் ஸ்டோன் அவருக்கு முன்பே தோண்டத் தொடங்கியிருந்தார். ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் என்ற போட்டியாளர் செய்த காரியமோ அற்புதம்! தனக்குத் தரப்பட்ட விடைகளை, நிகழ்ச்சிக்கு முன்பே பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த அஞ்சல் முத்திரைக்கு முன்னால் யார் மறுக்க முடியும்? 1959 நவம்பர் 2 அன்று வான் டோரன் விசாரணைக் குழுவின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே, இப்படி ஏமாற்றுவதைச் சட்டம் குற்றமாக்கியது.

யோசித்துப் பாருங்கள். படத்தின் வியர்வையும் ஒப்பனைதான், கூண்டும் செட்டுதான். ஆனால் நடித்தவர் பெயரைத் திரையில் போட்டுவிட்டு நடக்கும் நாடகம் இது. 'ட்வென்ட்டி ஒன்' அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் மறைத்தது. எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது, அந்தக் கால ஸ்டுடியோ பார்வையாளர்கள் மெல்ல மெல்ல அசைந்து சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கேமரா கடைசியாக எட்டிப் பார்ப்பது நம் இருக்கைகளை!