பருவ முன்மதிப்பீடு (காற்பந்தாட்டம்)

பருவ முன்மதிப்பீடு என்பது, ஒரு தொழில்முறைக் காற்பந்து அணி வரவிருக்கும் போட்டிப் பருவத்தில் எவ்விடத்தைப் பெறக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முயற்சி ஆகும். முந்தைய பருவத்தின் புள்ளிப்பட்டியல், அணியை விட்டுச் சென்றோர், புதிதாகச் சேர்ந்தோர், பயிற்றுநர், தாயக அரங்கின் ஆதரவு, கழகத்தின் பணவளம் ஆகியன இதற்குக் கருத்திற் கொள்ளப்படுகின்றன. இவை எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதற்கு, பெயரில் சென்னையைக் கொண்டிருந்தும் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஆடிவந்த சென்னை சிட்டி கழகம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

புள்ளிப்பட்டியல்

ஐரோப்பாவின் பெரிய கூட்டிணைவுகளில் செல்வமிக்க கழகங்களே ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பதால், சென்ற ஆண்டின் பட்டியல் ஓரளவு நல்ல வழிகாட்டி. இந்தியாவின் ஐ-லீக் போட்டியில் இது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொய்த்தது. 2015-16இல் ஒன்பது அணிகளுள் எட்டாவதாக வந்த ஐசால் 2016-17இல் வாகை சூடியது. அந்தப் பருவத்தில் பத்து அணிகளுள் ஒன்பதாவதாக வந்த மினெர்வா பஞ்சாப் 2017-18இல் வென்றது. அப்போது எட்டாமிடத்தில் இருந்த சென்னை சிட்டி 2018-19இல் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆட்டங்கள் 18 அல்லது 20 மட்டுமே என்பதும், ஓரிரு நல்ல வெளிநாட்டு வீரர்களின் வருகையே அணியின் வலிமையை மாற்றிவிடும் என்பதும் இதற்குக் காரணங்களாகும்.

2018-19 பருவம்

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். எசுப்பானியாவிலிருந்து நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ உள்ளிட்டோரும், உருகுவையில் பிறந்த பெத்ரோ மன்சியும் சேர்ந்தனர். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோசு அணிக்கு எதிராக மன்சி மூன்று கோல்கள் அடித்தார். பருவ முடிவில் அவரது கணக்கு 21. எனவே, சென்ற ஆண்டின் பட்டியலை விடப் புதிய ஆட்டக்காரர் பட்டியலைக் கூர்ந்து நோக்கியிருந்தால் அணியின் எழுச்சியை ஓரளவு ஊகித்திருக்கலாம். பட்டத்தை ஊகித்திருக்க முடியுமா என்பது ஐயமே. இறுதி நாளான 2019 மார்ச் 9 அன்று, கோவையில் மினெர்வா பஞ்சாபு முதலில் ஒரு கோல் அடித்து முந்தியது. பின்னர் மன்சி தண்ட உதை மூலம் சமன் செய்ய, தற்காப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா இரு கோல்கள் அடித்து 3-1 என வெற்றி தேடித் தந்தார். சென்னை சிட்டி 43 புள்ளிகளும் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளும் பெற்றன. அவ்வாட்டம் சமனிலையில் முடிந்திருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குச் சென்றிருக்கும்.

களத்திற்கு வெளியே

வாகையர் என்ற முறையில் அடுத்த பருவத்துக்கான எதிர்பார்ப்பு உயர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் 2019இல் 26 விழுக்காடு பங்கை வாங்கியிருந்தது. ஆயினும் கோர்டிலோ அதே ஆண்டில் ஐதராபாத் அணிக்கும், மன்சி 2020 சனவரியில் சப்பானின் அல்பிரெக்சு நிகாட்டாவுக்கும் சென்றனர். கொரோனா பரவலால் 2020-21 ஆட்டங்கள் யாவும் மேற்கு வங்காளத்தில் நடத்தப்பட்டமையால் கோவை அரங்கின் ஆதரவும் கிட்டவில்லை. இறுதியில், கழக உரிமத் தகுதிகளை நிறைவு செய்யாததால் 2021-22 பருவத்தில் சென்னை சிட்டிக்கு ஐ-லீக்கில் இடமளிக்கப்படவில்லை. கோல் கணக்கை மட்டும் கொண்டு செய்யப்படும் எந்த முன்மதிப்பீட்டிலும் உரிமம் என்ற காரணி இடம்பெறுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.