மையைக் காக்கும் விசை

விளக்குக் கரியை நீரில் கலக்கினால் விரைவில் அடியில் படிந்துவிடும். வேலம்பிசின் சேர்த்தால் நெடுநாள் படியாது நிற்கும். ஒட்டுவதற்கென்றே நாம் அறிந்த பிசின், கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காப்பது எங்ஙனம்?

துகள்கள் நெருங்கின் வான்டர் வால்ஸ் ஈர்ப்பால் திரண்டு படியும். பிசினோ நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆகிய பாலிமர். சங்கிலியின் ஒரு பகுதி துகளைப் பற்றிக்கொள்ள, மறு பகுதி நீரில் நீண்டு நிற்கும். இரு துகள்கள் நெருங்குங்கால் அச்சங்கிலிகள் நெரிசலுற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன.

இவ்விசையை அறிஞர் அளந்தும் காட்டியுள்ளனர். அணுவளவில் வழவழப்பான இரு மைக்காத் தகடுகளைத் திரவத்துள் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை மெல்லிய வில்லில் பொருத்துவர். வில்லின் வளைவு விசையையும், ஒளியலைகளின் குறுக்கீடு இடைவெளியையும் உணர்த்தும். ஜேக்கப் கிளைன் 1980இல், சைக்ளோஹெக்சேனில் பாலிஸ்டைரீன் படிந்த தகடுகளிடையே ஈர்ப்பைக் கண்டார். 1982இல் லக்ஹாமுடன் இணைந்து, நீர்க்கரைசலில் பாலிஎத்திலீன் ஆக்சைடு படிந்த தகடுகளிடையே விலக்கத்தைக் கண்டார். ஆகவே, சங்கிலிக்கு இணக்கமான திரவமே விலக்கத்தைத் தருகின்றது என அறிகிறோம்.

ஒரு முனையில் ஊன்றிய சங்கிலிகளைத் தூரிகையாக உருவகித்து 1977இல் அலெக்சாண்டர் வகுத்த கணக்கை, 1991இல் நோபல் பரிசு பெற்ற டி ஜென் விரித்தார். இடைவெளி தூரிகை உயரத்தின் இருமடங்கினும் குறைந்தால் விலக்கம் விரைந்து ஏறும் என்பது அதன் முடிவு.

பற்றுதலும் விலகலும் ஒரே சங்கிலியில் அமைந்தமையாலேயே மை நிலைக்கின்றது. மை நிலைத்தாலன்றோ எழுத்து நிலைக்கும்!