குடிநீரும் கணக்கும்

கோவைக்குச் சிறுவாணி நீரைக் கொணரவேண்டுமென 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வாதாடியவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. நகரசபைத் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால் 1930-ஐ ஒட்டி அது கைகூடியது. மலையிலிருந்து அந்நீர் தன் ஓட்டத்திலேயே இறங்கி வருகிறது. எனினும் வீட்டுக் குழாயைச் செலவின்றி அடைவதில்லை.

வடிகட்டும் நிலையத்தில் இரவும் பகலும் ஆள் வேண்டும். வால்வு திறப்போர், கசிவு அடைப்போர், கட்டணம் வசூலிப்போர் வேண்டும். சம்பளத்தை மிச்சம் பிடிக்க எண்ணி இவ்விடங்களைக் காலியாக விட்டால், கசிவில் நீரும் பாக்கியில் பணமும் போய்விடும்.

நகராட்சிகளில் குடிநீர், வடிகால் நிதி தனிக் கணக்காக வைக்கப்படுகிறது. விதைக்கு வைத்ததை உண்ட உழவனும், நூலுக்கு வைத்த பணத்தை வேறு செலவில் கரைத்த நெசவாளர் சங்கமும் பின்னர் கைபிசைந்து நிற்பதை நாம் அறிவோம். ஆகவே சம்பளம், பழுதுபார்ப்பு, பழங்குழாயை மாற்றுவதற்கான தேய்மான நிதி ஆகிய மூன்றுக்கும் கட்டண வருமானத்திலிருந்தே வழி காணவேண்டும்.

2018-இல் கோவை மாநகராட்சி, நகரின் 60 வார்டுகளில் நீர் விநியோகத்திற்கென சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நடத்துபவர் எவராயினும், வரவு செலவைக் கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. கட்டணத்தைத் தவணை தவறாது செலுத்தியவன் கேட்கும்போதே அக்கேள்விக்கு வலிமை பிறக்கும்.