சுருங்காத வெளிச்சம்

இரண்டு பேர், ஒரு பெரிய மேசை, அளவுநாடா, பகடை, ஆளுக்கொரு குட்டிப் படை. மேசைப் போர் விளையாட்டுக்கு இவ்வளவு போதும். விஞ்ஞானக் கதைகளால் பேர்பெற்ற எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதி இதற்கு விதிகள் வகுத்தார். அவர் காலத்து ஈய வீரர்கள் சட்டைக்குச் சிவப்பு, காலுக்குக் கறுப்பு என்று எனாமல் பூசிப் பளபளவெனக் கடையிலிருந்தே வருவார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிடும் ‘வார்ஹாமர்’ வீரன் அப்படி வருவதில்லை. வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாக வருவான். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பாடு. விளையாடுவதைவிட இந்த வேலையே பலருக்குப் பிடித்துப்போகிறது. 1987 முதல் ‘கோல்டன் டீமன்’ என்ற போட்டியே வண்ணம் தீட்டுபவர்களுக்காக நடக்கிறது.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சிவப்புச் சட்டைக்குச் சரியான சிவப்பைத் தேடிப்பிடித்து ஒரே சீராகப் பூசினால் வீரன் பொம்மையாகவே இருப்பான். தோளில் இளஞ்சிவப்பு, மடிப்பில் கிட்டத்தட்ட கறுப்பு என்று இல்லாத நிழலையும் விழாத வெயிலையும் தூரிகையால் வரைந்தால்தான் அவனுக்கு உயிர் வரும். நிஜமான உருவத்தின் மேல் நிஜமான வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்போது பொய் நிழல் எதற்கு?

கணக்குப் போட்டால் காரணம் பிடிபடும். இந்த விளையாட்டுகளில் நெடுநாளாக வழங்கிவரும் அளவு 28 மில்லிமீட்டர். மனிதனை ஏறத்தாழ 60 மடங்கு சுருக்கிய உயரம் அது. ஆள் சுருங்கினான், அறையின் விளக்கு சுருங்கவில்லை. நாலடி டியூப்லைட் இரண்டு மீட்டர் உயரத்தில் எரிகிறது என்றால், வீரன் கணக்கில் அது 120 மீட்டர் உயரத்தில் தொங்கும் 72 மீட்டர் நீள விளக்கு. வானத்தில் சூரியன் அடைப்பது அரை டிகிரிதான். அதனால்தான் வெயிலில் நிழல் கத்தரித்தாற்போல் விழுகிறது. இந்த டியூப்லைட்டோ 30 டிகிரிக்கு மேல் அடைத்துக்கொள்கிறது. அத்தனை அகலத்திலிருந்து ஒளி வந்தால் நிழலின் விளிம்பு கரைந்துபோகும். போதாததற்கு சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வேறு வெளிச்சம் வருகிறது. உருவத்தின் செதுக்கலும் ஆழமில்லை. எஃகு அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரவேண்டிய பிளாஸ்டிக்கில் துணி மடிப்பை இஷ்டத்துக்குக் குடைந்துவிட முடியாது.

பார்க்கும் கண்ணும் சுருங்குவதில்லை. அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று அவனைப் பார்ப்பது, நிஜ மனிதனை 36 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 36 மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். திறந்த கண்ணின் உயரமே அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் வீரனின் கருவிழி நமக்குத் தெரியவே கூடாது. ஆனால் வண்ணக்காரர்கள் வெள்ளைவிழியும் கருவிழியும் வைக்கிறார்கள், வாள்முனையில் ஒரு வெள்ளைக் கீற்றும் இழுக்கிறார்கள். கூத்துக் கலைஞர் முகத்துக்கு அரிதாரம் பூசும் அதே நியாயம்தான்: பார்ப்பவர் தூரத்தில் இருக்கிறார், மிகைப்படுத்தினால்தான் சேதி போய்ச் சேரும்.

பொய் நிழலைத் தொடங்கிவைக்க ஒரு சுலப வழி உண்டு. உருவம் முழுக்கக் கறுப்பு ப்ரைமர் அடித்து, காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளிப்பார்கள். வானத்து ஒளி படக்கூடிய இடமெல்லாம் வெளுக்கும், மறைவிடங்கள் கறுப்பாகவே நிற்கும். அதன்மேல் நீர்த்த வண்ணத்தை ஓட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஏன் மேலேயிருந்து? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்துவரும் நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1988இல் அவர் வெளியிட்ட சோதனைகளில் இருந்தவை வெறும் வட்டங்கள். மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டம் முட்டைபோல் புடைத்துத் தெரியும். அதையே தலைகீழாக வைத்தால் குழியாகத் தெரியும். ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை யாரையும் கேட்காமலே முடிவுகட்டி வைத்திருக்கிறது. இதில் ரசமான ஒன்று: தலையைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தால் குழிகளும் புடைப்புகளும் இடம் மாறிவிடும். மூளை ‘மேல்’ என்று எடுத்துக்கொள்வது வானத்தை அல்ல, நம் உச்சந்தலைப் பக்கத்தை.

இதே தந்திரத்தை இயற்கை எதிர்த்திசையில் செய்திருக்கிறது. அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896இல் அதை எடுத்துச் சொன்னார். மான், முயல், மீன் போன்ற பல விலங்குகளுக்கு முதுகு கருமை, வயிறு வெண்மை. மேலிருந்து விழும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றை இருட்டாக்கும். உடம்பின் நிறமோ அதற்கு நேர்மாறு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, உருண்டை உடல் தட்டையாகிப் பின்னணியில் கலந்துவிடுகிறது. மான் ஒளிந்துகொள்ளப் பூசிக்கொண்டதை, வண்ணக்காரர் வீரனைக் காட்டிக்கொடுக்கத் தலைகீழாகப் பூசுகிறார். பொழுதுபோக்குக் கலை ஒன்று பரிணாமத்தின் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்து ‘வாஷ்’. தண்ணீராக நீர்த்த கரு வண்ணத்தை உருவத்தின் மேல் ஓடவிட்டால், பரப்பு இழுவிசை அதை மடிப்புக்குள் இழுத்துச் சென்று தேக்கும். நிழல் தானாக விழும். சமதளமான இடத்தில் தேங்கினால் மட்டும் வில்லங்கம். காய்ந்ததும் ஓரத்தில் அழுத்தமான கோடு நிற்கும். சிந்திய காபி காய்ந்தால் விளிம்பில் மட்டும் வளையம் கறுத்திருக்கிறதே, அதேதான். ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழக சகாக்களும் 1997இல் இதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு தளத்தில் ஒட்டி நகராமல் நிற்கிறது. மெல்லிய அந்த ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது துகள்களையும் வாரிச் செல்கிறது. காய்வதற்குள் ஈரத் தூரிகையால் தேக்கத்தை உறிஞ்சி எடுங்கள் என்று வண்ணக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்வதன் இயற்பியல் இவ்வளவுதான்.

வீரர்கள் நிற்க நிலம் வேண்டும். குன்றுகளைப் பாலிஸ்டைரீன் நுரைப் பலகையில் அறுப்பார்கள். தெர்மாகோலும் அதே குடும்பம்தான். ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடித்தால் அதன் கரைப்பான் குன்றைத் தின்றுவிடும். தரைக்குத் தூவும் மணலில் ஒரு மில்லிமீட்டர் பரல் வீரனுக்கு ஆறு சென்டிமீட்டர் கல். ஆற்றுக்குத் தண்ணீர் உதவவே உதவாது. நீர் தன் பரப்பு இழுவிசையைச் சுருக்கிக்கொள்வதில்லை. மேசையில் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் உருண்ட விளிம்போடு திரண்டால் வீரன் அளவில் அது 18 சென்டிமீட்டர் உயர நீர்ச்சுவர். அதனால் எபாக்ஸி ரெசினை ஊற்றி இறுகவிட்டு, அலைகளைப் பளபளக்கும் ஜெல்லால் வரைகிறார்கள். புல் நடுவது மட்டும் மின்சார வேலை. சில மில்லிமீட்டர் நைலான் இழைகளைச் சல்லடையில் போட்டு, சல்லடைக்கும் பசை தடவிய தரைக்கும் இடையே சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், இழைகள் மின்புலத்தின் திசையில் நிமிர்ந்து வந்து பசையில் குத்திட்டு நிற்கும்.

நிலத்தில் பொய் சொல்வது புதிய பழக்கமல்ல. வாட்டர்லூ போர்க்களத்தை மாதக்கணக்கில் அங்கேயே தங்கி அளந்த வில்லியம் சைபோர்ன், 1838இல் லண்டனில் அதன் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற கணக்கு. அந்த அளவில் ஆள் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். யார் கண்ணுக்குத் தெரியும்? வீரர்களை அதைவிடப் பெரிதாகவே வார்த்தார். லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

வீட்டில் காட்சிக்கு வைப்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள். கண்ணாடி அலமாரியில் விளக்கை மேலே பொருத்துங்கள். கீழிருந்து எரியும் விளக்கு, நீங்கள் பாடுபட்டு வரைந்த நிழல்களோடு சண்டை போடும். இரண்டாவது, பழைய ஈய உருவங்களை மர அலமாரியில், அதிலும் ஓக் மரத்தில், பூட்டி வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தாக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததும் அது வெள்ளைப் பொடியான ஈயக் கார்பனேட்டாக மாறும். அமிலம் மீண்டும் விடுபடுவதால் அரிப்பு நிற்காமல் தொடரும். அந்தப் பொடி விஷம். உலோக அல்லது கண்ணாடி அலமாரி நல்லது; தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.